நல்ல நேரத்தில் ஏற்றிய கிளஸ்டர்

என் பெயர் சுடலைக்கண்ணன், வயது ஐம்பத்தெட்டு, தகப்பனார் பெயர் வானமாமலை. தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் குடியிருந்துகொண்டு தோல் பைப் பட்டறையில் மேஸ்திரியாக இருக்கிறேன். மராட்டி சரளமாகப் பேசுவேன், எழுத வராது. ஆகையால் நான் தமிழில் சொல்ல, தமிழ் தெரிந்த ஏட்டையா எழுதிக்கொள்கிறார். இந்தச் சம்பவம் இப்படித்தான் முடியும் என்று நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், எங்கள் சந்து முழுக்க அதற்குச் சாட்சி.

விசாரணையில் இருக்கும் இசக்கிசெல்வி என் அக்காள் மகள். என் வீட்டில் இருந்துதான் செம்பூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். கம்பெனி செய்யும் புரோகிராமின் ஒவ்வொரு பட்டனையும் இன்னொரு புரோகிராமை விட்டு அழுத்திப் பார்ப்பது அவள் வேலை. அதற்கென்று கிளவுடில் வாடகைக் கம்ப்யூட்டர்களைக் கூட்டமாக எழுப்புவார்கள், அதற்கு கிளஸ்டர் என்று பெயர், சோதனை முடிந்ததும் அது தானாகவே அழிந்துவிடும். நாங்கள் சாம்பிள் பை தைத்துப் பார்த்துவிட்டுப் பிரித்துப் போடுவது போலத்தான். நான் இதை ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டதால் அவள் முதலாளியே என்னை வேலைக்குக் கூப்பிட்டார், நான்தான் போகவில்லை.

ஓர் ஆஸ்பத்திரிக்கான மருந்துச் சீட்டுப் புரோகிராமைத் திங்கட்கிழமை காலை தொடங்குவதாக இருந்தது. அது ராகு காலம் என்று அவள் மேனேஜர் வேல்ராஜ் பயந்து என்னிடம் கேட்டுவரச் சொன்னார், நானும் அதை ஏற்றுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை விடிகாலையைக் குறித்துக் கொடுத்தேன். அந்நேரம் அழியாமல் நிற்கும் அசல் கிளஸ்டருக்கு இடம் தயாராகவில்லை. வேல்ராஜ் போனில், "நேரம் தப்பிடும், டெம்பரரில போட்டு வைம்மா, அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். செல்வி அப்படியே சோதனைக்கான இடத்தில் ஏற்றினாள். அதன்பிறகு யாரும் மாற்றவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வேலையைத் தொடங்கியது. மறுநாள் செவ்வாய்க்கிழமை வேறொரு சோதனை அங்கே ஓடி முடிந்ததும், அந்த இடத்தில் இருந்த அனைத்தும் வழக்கம்போலத் தானாக அழிந்து, யாருக்கு எந்த ஊசி என்று தெரியாமல் நோயாளிகள் காத்துக்கிடந்தார்கள். செல்வி வேண்டுமென்றே அழித்தாள் என்று கம்பெனி புகார் கொடுத்தது. போலீசார் வந்தபோது அவள் சோற்றுக் கையைக் கழுவாமலே எழுந்தாள். ஜீப்பில் என் சட்டை நுனியை விடவில்லை.

"மாமா, யாருக்காவது உசுரு போயிருந்தா?" என்றாள்.

"ஏட்டி, சும்மா கெட. கமிஷனர் ஆபீஸ்ல எல்லாரும் மாமாவுக்குப் பழக்கம்லா."

"பெறகு எதுக்கு செருப்புகூடப் போடாம ஓடிவந்தீங்க?"

இதுவரை நான் சொன்னதைக் கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டர், வேல்ராஜை என் எதிரில் நிறுத்தப்போவதாகவும், போன் பேச்சை நான் கேட்டது பொய்யென்று தெரிந்தால் செல்வி சொன்ன எதையும் நம்ப முடியாது என்றும் தெரிவித்தார். உள்ளறையில் அவள் இருமுவது எனக்குக் கேட்கிறது. ஆகையால் சொல்கிறேன். அந்தப் பேச்சை நான் கேட்கவில்லை, அந்த விடிகாலையில் தூங்கிக்கொண்டிருந்தேன். வேல்ராஜ் அப்படிச் சொன்னதாக அவள்தான் என்னிடம் சொன்னாள். அவள் பொய் சொல்கிறவள் அல்ல, எங்கள் வீட்டில் அதற்கு நான் இருக்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். என் காதால் கேட்டேன் என்ற அந்த வரியை அடித்துவிட்டு, மீதிக்குக் கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்) வா. சுடலைக்கண்ணன்