மார்த்தா சொல்லாத சாட்சி

வருஷத்தின் கடைசி நாள் மத்தியானம், தங்கச் சுரங்கத்தை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸ் குடியிருப்பின் குழாயடி. எனக்கு முன்னால் ஆறு குடங்கள். முதல் குடம் குழாய்க்குக் கீழே இருந்தது. அதற்குரியவள் பின்னால் நின்றவளிடம் சொன்னாள்:

“நாளைக்குக் கோயில்ல நான் சாட்சி சொல்ல மாட்டேன், ரோசி.”

“இன்னா மார்த்தாக்கா இது? வருஷம் பொறந்தா எல்லாரும் எழுந்து ஆண்டவருக்கு நன்றி சொல்றதுதானே?”

“சொல்லித்தான் கெட்டேன். இந்த வருஷப் பொறப்புல, வூட்டுக்காரரு மேஸ்திரி ஆனதுக்குச் சொன்னேன். எட்டாம் நாளு சுரங்கத்துல கல்லு சரிஞ்சு காலு ஒடிஞ்சுது. ஈஸ்டருக்கு, காலு கூடிச்சின்னு சொன்னேன். அந்த வாரமே கூரை எரிஞ்சுது. அறுப்புப் பண்டிகையில, புது வூடு கெடச்சுதுன்னு சொன்னேன். புள்ளைக்கு அம்மை போட்டுச்சு.”

“புள்ள பொழச்சுக்கிச்சே!”

“மெதுவா பேசுடி. அவரு இன்னும் கீழதான் கீறாரு. இந்த ஷிப்டு முடியட்டும்.”

அப்போது தரை அதிர்ந்தது. குடங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. சுரங்கத்துக்குள் எங்கோ பாறை வெடித்திருக்கிறது. மார்த்தாவின் குடம் நிரம்பி வழிந்தது. குழாயை மூட ஒருவரும் கை நீட்டவில்லை.

ஷிப்டு முடியும் சங்கு ஊதி வெகுநேரம் கழித்துத்தான் ஆட்கள் வந்தார்கள். கடைசியாக ஒருவர் காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார்.

“இன்னா மார்த்தா, தண்ணி வீணாப் போவுது. என்னியே பாத்துகினு நிக்கிற?”

மார்த்தா குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

“இப்பவாவது சொல்லுவியாக்கா?” என்றாள் ரோசி.

“நீ சொல்லு. யாருக்காகன்னு மட்டும் சொல்லிடாத.”