கரடி அடிச்சவருக்கு டெத் சர்டிபிகேட்

...பின்ன இன்னாம்மா, செத்தவருக்கு சாட்சி கேட்டா நான் எங்க போறது? அந்த ஜன்னல சாத்து கண்ணு, பஸ்ஸு மலையேற ஏற குளுரு அடிக்குது. ஆபீசுல ஒருத்தன், பேனாவ கடிச்சிக்கினு, 'கரடி அடிச்சதுக்கெல்லாம் ரிஜிஸ்டரு வச்சிருப்பாங்களா பாட்டி'ன்னு சிரிக்கிறான். பாட்டியாம்! அவன் மண்டையில ஒரு முடி கெடையாது. இல்லன்னு சொல்றதுக்கு ஒரு சேரு, அதுக்கு மேல ஒரு ஃபேனு. த்தூ!

யாருக்கா? எங்க வூட்டுக்காரரோட தாத்தாவுக்கும்மா. மாதப்பன்னு பேரு. எங்க ஊர்ல அவருக்கு கல்லு நட்டு வச்சிக்கீது. சாமைக் கொல்லையில பொண்டாட்டி பெரியம்மாள கரடி புடிச்சிச்சாம், இவரு குறுக்க பூந்து காப்பாத்திட்டு உசுர வுட்டாராம். பொணங்கூட கெடைக்கல, கரடி பள்ளத்துக்கு இழுத்துக்கினு போயிடுச்சின்னு அந்தம்மாதான் வந்து சொன்னாங்க. அப்ப கைக்கொழந்த, எங்க மாமனாரு. அதனாலதான் திருவிழாவுல மொத மால எங்க வூட்டுக்கு.

அது ஜீவானந்தத்துக்கு பொறுக்கல. எங்க ஊரு ஆளுதான். மாடி கட்டிட்டானாம், மாலயும் வேணுமாம். கூட்டத்துல எழுந்து, 'கரடி அடிச்சத யாரு பாத்தா? எழுத்து கீதா?'ங்கறான். எங்க வூட்டுக்காரரு தசரதன், அவரு வாய தொறக்கறதே சோத்துக்குதான், தலைய குனிஞ்சிக்கினு குந்திக்கீறாரு. நான் வுடுவனா? 'எழுத்துதான? கொண்டாறேன்டா'ன்னுட்டேன். 'வேணாம் மங்கம்மா, உட்டுடு'ன்னாரு. கேட்டனா?

மலையில ஒண்ணுமில்ல. திருப்பத்தூர்ல ஒண்ணுமில்ல. கடைசில வாணியம்பாடி ஆபீசுல ஒரு பொண்ணு, அவரு பேரு, அப்பன் பேரு, ஊரு பேரு எல்லாம் வச்சி தேடி, 'கெடச்சிடுச்சிம்மா'ன்னுச்சி. வாங்கி படிக்க சொன்னா... காய்ச்சல்! காய்ச்சல்ல செத்தாராம்மா! அதுவும் எந்த வருசம்? எங்க வூட்டுக்காரரு பொறந்த வருசம். புள்ள வளந்து, கல்யாணம் கட்டி, பேரன் பொறக்கற வரைக்கும் மனுசன் கீழ உசுரோட குந்திக்கினு இருந்துகீறாரு!

சாவ ஆபீசுல சொல்லி எழுத வச்சவரு பேரு அதுல இருந்துச்சி. தேடிக்கினு போனேன். அவரு போயி சேந்துட்டாரு, புள்ள சைபுல்லா பாயி கீறாரு, வயசானவரு. அவங்க தோல் மண்டியிலதான் மாதப்பன் காவல் இருந்தாராம். 'சின்ன வயசுல என்ன தோள்ல தூக்கிக்கினு சுத்துவாரும்மா'ன்னு கண்ணு கலங்கறாரு. ஆமா, ஊரான் புள்ளைய நல்லா தூக்கினாரு. பெத்தத தூக்கல.

ஏன் மலைய வுட்டு வந்தாருன்னு கேட்டேன். பாயி இழுத்து இழுத்து சொல்றாரு. கரடி வந்தது நெசந்தானாம். வந்ததும் இவரு ஓடிட்டாராம்! பொண்டாட்டி, கொழந்த ரெண்டு பேரையும் அங்கயே வுட்டுட்டு, அடிவாரத்துல வந்துதான் நின்னாராம். அப்பறம் எந்த மூஞ்சிய வச்சிக்கினு மேல ஏறுவாரு? அப்ப கரடிய தொரத்தினது யாரு? கொல்லையில வேற யாரு கீறா? பெரியம்மாளுக்கு ஒரு பக்கத்து தோள்ல சதையே கெடையாதுன்னு எங்க மாமியாரு சொல்லுவாங்கம்மா...

இன்னும் கேளு. ரொம்ப வருசம் கழிச்சி ஆலங்காயம் சந்தையில அந்தம்மா புளி வித்துக்கினு இருந்தாங்களாம். இவரு போயி எதுர்ல நின்னாராம். நிமுந்து பாத்தாங்களாம். 'எவ்ளோ வேணும்?'னு கேட்டாங்களாம். நிறுத்து குடுத்து, காச வாங்கிக்கினு, அடுத்த ஆளப் பாத்தாங்களாம்! அந்த புளிய கரைக்காம ரொம்ப நாளு வச்சிக்கினு இருந்தாராம் மனுசன். வச்சிருக்கட்டுமே!

அடையாளம் தெரியலயா? நல்லா சொன்ன போ! தெரிஞ்சிதாம்மா. ஓடிப் போனவன வீரனாக்கி, கல்லுக்கு வெளக்கேத்தி, அந்த பேர வச்சே புள்ளைய தலநிமுந்து நடக்க வச்சாங்க. நானா இருந்தா தராசாலயே அடிச்சிருப்பேன்.

இந்த பேப்பரா? ஜாக்கெட்டுக்குள்ள கீது. கிழிச்சி போட்டுட்டு, கெடைக்கலன்னு சொல்லிடப் போறேன். ஜீவானந்தம் கைகொட்டி சிரிக்கட்டும். மால போனா போவுது. உசுரு போற வரைக்கும் அந்தம்மா வாய தொறக்கல, அத ஊருக்கு சொல்ல நான் யாரு? ஒரு ஈ காக்காவுக்குகூட மூச்சு வுட மாட்டேன்.

ஏன் அப்பிடி பாக்கற? ...ஐயய்யோ. உங்கிட்ட... சரி, நீ வெளியூரு பொண்ணு, உன்னால இன்னா... ஏம்மா, பைய எடுத்துக்கினு எங்க எழுந்துட்ட? இது எங்க ஊரு ஸ்டாப்பும்மா. நீ ஏன் இங்க எறங்கற? கண்டக்டரே, நானும் எறங்கணும், விசில் அடிக்காத! இந்தாம்மா... நில்லு! யாரு வூட்டுக்கு வந்துக்கீற நீ?