தக்காளி வழியில் சிப்

பாகலூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இருவர் கழுத்திலும் ஒரே சிப் கம்பெனியின் அடையாள அட்டை. சின்னவள்தான் ஆரம்பித்தாள்.

“அக்கா, நம்ம செல்போன் சிப்பை நஷ்டத்துக்கு விக்கிறாங்களாம். அதனால இன்னும் நிறைய செய்யணுமாம்.”

“ஏன்டி?”

“எதிர்க் கம்பெனிக்காரன் விலையைக் குறைச்சிட்டானாம். லாபம் போனாலும் மார்க்கெட் நம்ம கையில இருக்கணும்னு மேனேஜர் சொல்றாரு.”

“எங்க வீட்டுக்காரரும் தக்காளியில அப்படித்தான் பண்ணாரு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் குறைக்க, இவரு அதுக்கும் கீழ குறைக்க, சந்தையே எங்ககிட்டதான் வாங்கிச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, நான் சிப் கம்பெனி வேலைக்கு வந்துட்டேன்.”

சின்னவள் சிரித்தாள். “அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரரு?”

“அவரு பொண்டாட்டிதான் நம்ம கம்பெனி லைன்ல எனக்குப் பக்கத்துல உக்காந்து வேலை பாக்குறா.”