மெர்சிக்குத் தனி பாட்டில்

களாக்காய் பறிக்கறதுக்கு முன்னாடி கையில கொஞ்சம் நல்லெண்ண தடவிக்கணும் மேடம். இல்லன்னா அந்தப் பாலு பிசினாட்டம் ஒட்டிக்கினு சோத்துல கை வைக்க விடாது. ஆனி, ஆடியில போனா செவசெவன்னு தொங்கும். பாதி ஊறுகாய்க்கு. மீதிய கொட்ட எடுத்து, சுண்ணாம்புத் தண்ணில ஊற வச்சு, சக்கரப் பாகுல போட்டு கலர் ஏத்தினா கிறிஸ்மஸ் கேக்குக்கு செர்ரி ஆயிடும். கடையில செர்ரின்னு விக்கறதுல பாதி இதான். பழைய குண்டான்ல மணல் கொட்டி நா சுடற கேக்குக்கு எங்க கும்மிடிப்பூண்டி பக்கம் ஹெலன் கேக்குன்னே பேரு.

மெர்சி என் ஓர்ப்படி. என் கொழுந்தன் இம்மானுவேல் பொண்டாட்டி. ஒரே ஊடு, ஒரே அடுப்பு. எனக்குக் கொழந்த இல்ல. நா சோறு போடும்போதுதான் மாமியார் அத ஞாபகப்படுத்தும். எங்க ஊட்டுக்காரர் எபினேசர் ஷிப்டு முடிச்சு வந்தா டிவி, தூக்கம். அவர குத்தம் சொல்லல. எனக்குப் பேச ஆள் இல்லன்னு சொல்றேன், அவ்ளோதான்.

மெர்சிக்கு மொத புள்ள தானா கலஞ்சது. அதுல என் கை இல்ல, நம்புங்க. ஆஸ்பத்திரில இருந்து வந்து என் மடியில தலைய வச்சுக்கினு, "உன்ன விட்டா எனக்கு யாருக்கா இருக்காங்க"ன்னு அழுதா. பூண்டு ரசம் வச்சுக் குடுத்தேன். தல சீவி உட்டேன். கம்பெனிக்கு லீவு போட்டுட்டு நாளெல்லாம் சமையக்கட்டுல என்கூடவே ஒக்காந்துக்கினு இருந்தா. அவ அழுதுக்கினு இருந்தா, நா சந்தோஷமா இருந்தேன். தப்புதான். ஆனா அதுக்கு முன்னாடி யாருக்கும் நா அவ்ளோ வேண்டியவளா இருந்ததில்ல.

அப்புறம் தேறிட்டா. கம்பெனி பஸ் ஏறிப் போக ஆரம்பிச்சா. மறுபடி மசக்க வந்தப்போ கதவ சாத்திக்கினு வயித்தோட பேசிக்கினு இருப்பா. நா வாசல்ல போய் நின்னா "இன்னாக்கா"ன்னு கேப்பா, வேத்து ஆளக் கேக்கற மாதிரி.

ஏரிக்கரைல ஒரு கம்பெனி காம்பவுண்டு ஓரமா களாப் புதரு இருக்குது. கம்பெனி கழிவுத் தண்ணி கலர் கலரா அங்க வந்து தேங்கும். பக்கத்து ஊட்டு செண்பகம் ஆடு வளக்கறா. அந்தக் கரையில மேஞ்ச ஆட்டுக்கு சினை தங்கலன்னு ஊரெல்லாம் சொல்லி, அந்தப் பக்கம் ஓட்டறதையே நிறுத்திட்டா. அப்புறம் யாரும் அங்க காய் பறிக்கப் போறதில்ல. செண்பகம் அதச் சொல்லும்போது நானும்தான் நின்னுக்கினு இருந்தேன்.

அந்த வருஷத்துலருந்து ரெண்டு பாட்டிலா போட ஆரம்பிச்சேன். பள்ளிப்பட்டுல எங்க அம்மா ஊட்டாண்ட பறிச்சது வெள்ள மூடி, எல்லாருக்கும். கரையில பறிச்சது செவப்பு மூடி, மெர்சிக்கு. புளிப்பா ஏதாச்சும் வேணும்னு அவதான் கேட்டா. நா ஒண்ணும் வாயத் தொறந்து திணிக்கல. கேட்டா, குடுத்தேன். அந்தப் புள்ள தங்கல. அடுத்ததும் தங்கல. ஒவ்வொரு தபாவும் என் மடிக்குத்தான் வந்தா.

ஊறுகாதான் காரணம்னு சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாராமே. இருக்கலாம், அவரு படிச்சவரு. ஆனா காரணமா இருக்கட்டும்னு நெனச்சுதான் நா குடுத்தேன். அத எழுதிக்குங்க.

இந்த கிறிஸ்மஸுக்கு மறுபடி அவளுக்கு மூணு மாசம். கரைச் செர்ரிய நெறையப் போட்டு அவளுக்குன்னு தனியா சின்ன கேக்கு சுட்டேன். பண்டிக நாள்ல ஒருத்தருக்கு ஒருத்தர் ஊட்டி விடுவோம் இல்ல, அவ மொதத் துண்ட எனக்குதான் நீட்டினா. நா மூஞ்சிய திருப்பிக்கினேன். பல்லு கூசுதுன்னேன். மாமியார் சிரிச்சுது. மெர்சி சிரிக்கல. கைய எறக்கிட்டு என்னையே பாத்துக்கினு இருந்தா.

"எனக்குன்னு செய்யறத நீ ஒரு தபாகூட வாயில வெக்கறதில்லயேக்கா."

சத்தம் போடல, மெதுவாத்தான் கேட்டா. அந்த ஒரு துண்ட தின்னுருந்தா நா இன்னிக்கு இந்த போலீஸ் ஸ்டேஷன்ல ஒக்காந்துருக்க மாட்டேன். தின்ன முடியல மேடம். அது இன்னான்னு எனக்குத் தெரியுமே. அவ கேக்கையும் செவப்பு மூடி பாட்டிலையும் பையில போட்டுக்கினு கடம்பத்தூர்ல அவங்க அம்மா ஊட்டுக்குப் போய்ட்டா. அங்கிருந்து உங்ககிட்ட வந்துட்டா.

எதுக்கு செஞ்சேன்னு கேட்டீங்க. புள்ள தங்கிட்டா அவளுக்கு நா எதுக்கு மேடம்? இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல. அவ மேல எனக்கு உசுரு. கூடப் பொறந்தவங்ககூட அவள அப்டி பாத்துக்கினது இல்ல.

ஒரே ஒரு உதவி பண்ணுங்க. இப்போ அவளுக்கு வாய்க்குப் புளிப்பு கேக்கும். அவங்க அம்மாவுக்கு இதெல்லாம் செய்ய வராது. எங்க ஊட்டு ஷெல்புல வெள்ள மூடி பாட்டில் இருக்குது. அதுல ஒண்ணும் இல்ல, வேணும்னா உங்க முன்னாடியே தின்னு காட்டறேன். அத அவகிட்ட குடுத்துடுங்க. ஹெலன் அக்கா குடுத்ததுன்னு சொல்லுங்க. அப்பதான் சாப்புடுவா.