பாலிக்கும் யூனிஃபார்ம்

"டிராவல் இன்சூரன்ஸ் வேணாம்னா, அப்ப லீவுக்குப் போற பாலித் தீவுக்கும் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டே வாங்க."

சிங்கப்பூர் மெட்ரோ ரயிலில், லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த பெண், விமானப் பணியாளர் சீருடையில் இருந்த கணவரிடம் சொன்னாள்.

"எதுக்கு தனியா? சென்னையிலேருந்து இங்க வேலைக்கு வந்ததுலேருந்து கம்பெனி இன்சூரன்ஸ்தான் இருக்கே."

"அது டியூட்டிக்கு மட்டும்தான்னு நீங்கதான சொன்னீங்க? லீவுல காலை ஒடிச்சுக்கிட்டா?"

"நாலே நாளு. ஒண்ணும் ஆகாது லா."

"பிளேன்ல இத்தனை பேரை பெல்ட் போடச் சொல்றீங்களே, அவங்ககிட்டயும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றதுதான?"

அவர் கைபேசியை எடுத்தார். புக்கிட் பாஞ்சாங் நிலையம் வருவதற்குள் பயணக் காப்பீட்டுப் படிவத்தை நிரப்பிவிட்டார்.

"என்னோடது முடிஞ்சுது. உன் பாஸ்போர்ட் நம்பர் சொல்லு."

"எனக்கு வேணாம். நான் நேத்தே எடுத்துட்டேன்."