முகூர்த்தக் காருக்குக் கைவைத்தியம்

"...அதத்தாண்ணா நானும் சொல்றேன், தெரியாத வேலைல எதுக்குக் கை வெக்கணும்? ஒங்க புத்தூரையே எடுத்துக்கோ. எலும்பு முறிஞ்சா ஊரு ஊரா வண்டி கட்டிக்கினு இங்க கட்டு கட்டிக்க வராங்க. மனுசனுக்கு ஒண்ணுன்னா வைத்தியரு. காருக்கு ஒண்ணுன்னா மட்டும் வூட்டுக்காரரே வைத்தியரா? நீ பாட்டுக்கு வேலையப் பாரு கோவர்த்தண்ணா, நான் பேசினா தொந்தரவு இல்லியே? ...ஹாங், இல்லன்னுதான் நெனச்சேன்.

மணி இன்னா கீது? எட்டேகாலா! ஐயோ, வெங்கடேசா! பத்தரைக்கு முகூர்த்தம்ணா. பொண்ணு வூட்டுக்காரங்க நேத்தே ரயிலேறித் திருப்பதி சத்திரத்துல எறங்கிட்டாங்க. மாப்ள தோ பாரு, என் தம்பி செங்கல்வராயன், பட்டு வேட்டியோட மைல்கல்லு மேல குந்திக்கினு கீறான். தாலி என் மடியில கீது. மாப்ளயும் தாலியும் புத்தூர் தாண்டி ரெண்டாவது மைலுல நின்னுக்கினு இருந்தா, அங்க அய்யரு யாருக்கு மந்தரம் சொல்லுவாரு?

அதுவும் பொண்ணோட நைனா கீறாரே, வரதராஜ மாமா... தொட்டதுக்கெல்லாம் கோவம் வரும் அவுருக்கு. திருத்தணிக்காரரு. நிச்சயதார்த்தம் பண்ணப்போ திருத்தணியும் எங்க நகரியும் ஒரே ராஜ்யம்ணா! ஏப்ரல் மாசம் ராஜ்யத்துக்கு எல்லைக் கோடு போட்டாங்க பாரு, திருத்தணி மெட்ராஸ் பக்கம், நாங்க இந்தப் பக்கம். 'பொண்ண வேற ராஜ்யத்துக்கு அனுப்பணுமா'ன்னு அன்னிலேர்ந்து மொணமொணங்கறாரு. திருப்பதியில வெச்சுக்கலாம்னா எந்த ராஜ்யத்துக்காரரும் வாய மூடிக்கினு வருவாருன்னு நான்தான் யோசன சொன்னேன். முகூர்த்தம் தவறட்டும், 'பாத்தியா, சாமிக்கே புடிக்கல'ன்னு பொண்ண இட்டுக்கினு அடுத்த ரயில் ஏறிடுவாரு!

எல்லாம் இந்தக் காரால வந்தது. நாலு தறி வெச்சுக்கினு சும்மா இருக்கக் கூடாதா எங்க வூட்டுக்காரரு? மெட்ராஸ்ல ஒரு டாக்டரு ஓட்டினதாம், வாங்கிக்கினு வந்தாரு. டாக்டரு ஓட்டின வண்டிக்குத் தெனம் ஒரு வியாதி! ஒரு நாளு இரும்பல், ஒரு நாளு விக்கல். கீழ சொட்டு சொட்டுன்னு தண்ணி. காலாகாலத்துல உன்னாண்ட கொணாந்து காட்டியிருந்தா... இன்னா, போன வெள்ளிக்கிழமை வரேன்னு சொல்லி அனுப்பினாரா? ஆமா, அனுப்பினாரு. கெளம்பவும் கெளம்பினாரு. நான்தான், பந்தல் வேலை கெடக்குது, பொட்டு தண்ணி சொட்டறதுக்கெல்லாம் மெக்கானிக்கான்னு... அத வுடு.

இன்னாண்ணா அது? அந்த ரேடியேட்டர் தொட்டிக்கு அடில தொறந்தா தண்ணி வரணும்தானே? ஏன் வரல? கம்பி வுட்டுக் குத்தறியா? ...ஐயே! இன்னா இது வெள்ளையா, கூழாட்டம்!

ஏன் என்னயே பாக்கற?

...செரி. செரிண்ணா. புதுப்பானை கசிஞ்சா நம்ம இன்னா பண்றோம்? கஞ்சி காச்சி ஊத்தினா ஓட்டை அடைஞ்சிடுது இல்ல? தறில பாவு நூலுக்குப் போடறதுக்குக் கெட்டிக் கஞ்சி கீது வூட்ல. காலைல குளிச்சதும் அந்தத் தொட்டில ரெண்டு சொம்பு ஊத்தி மூடிட்டேன். புத்தூர் தாண்டறவரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல, கேட்டுப் பாரு! அப்பறம்தான் புஸ்ஸுன்னு...

தண்ணி எடுக்கப் போயிருக்காரே, அவுருகிட்ட மட்டும் சொல்லிடாதண்ணா. காலைலேர்ந்து வழி நெடுக அவுரத்தான் திட்டிக்கினு வந்தேன். ஏதாவது இங்கிலீஷ் பேரா சொல்லு, நம்பிடுவாரு... எதுக்கு சிரிக்கற?

இன்னா? உன்ன இட்டாற வந்தப்பவே சொல்லிட்டாரா? இன்னான்னு?

...'நான்தான் புத்தி கெட்டுக் கஞ்சி ஊத்திட்டேன்'னாரா? அவுரா சொன்னாரு?

...

மூடியத் தொறந்து மோந்து பாத்தாருண்ணா, வண்டி நின்னப்போ. அப்டியே மூடிட்டு, உன்னத் தேடி ஓட ஆரமிச்சாரு. அப்பவும் திட்டினேன்.

...இன்னும் ரெண்டு கொடம் ஊத்திக் கழுவினா போதுமா? ஓட்டைக்கு இன்னா, சோப்பா வெக்கற? சோப்பு வெக்கலாம், கஞ்சி... செரி செரி, நான் பேசல. மெதுவா போனாலும் பத்தேகாலுக்குள்ள சத்திரத்துல இருக்கலாமா? நீயும் கூட வரியா? வா நைனா, உனக்குத்தான் மொத எல!

தோ வராரு, கெணத்துலேர்ந்து கொடத்தத் தூக்கிக்கினு. பட்டு வேட்டியெல்லாம் சேறு. இந்தாங்க... கொடத்த என்கிட்ட குடுங்க. அட குடுங்கன்றேன்! நீங்க அப்டி நெழல்ல குந்துங்க. ...ஒண்ணுமில்ல. எனக்கு ஒடம்பு நல்லாத்தான் கீது. ஏன், நான் ஒரு வார்த்தை நல்லதா பேசக் கூடாதா?

நீ இன்னா வேடிக்க பாக்கற கோவர்த்தண்ணா? மூடியத் தொற, ஊத்தறேன். பயப்படாத, இந்த வாட்டி வெறும் தண்ணிதான்."