நோஞ்சான்

— புயல் கூண்டு ஏத்தி ரெண்டு நாளாச்சுக்கா. இங்க ஒரு தூறல்கூட இல்ல. துறைமுகத்துல நிக்கிற சனமெல்லாம், "உங்க அக்கா சொன்ன புயல் எங்கப்பா?"ன்னு என்னைத்தான் கேக்குது. மானம் போகுது.

— மானம் போனா அடுத்த படகுல திரும்பி வரும். உசிரு போனா வராதுடா.

— வானிலை ஆபீஸ்ல உக்காந்துட்டு வசனம் பேசாத. இப்பக் கயிறை அவுத்தா இருட்டுறதுக்குள்ள அக்கரையில, அவ பக்கத்துல இருப்பேன். தலைப்பிரசவம்க்கா. கூடவே இருப்பேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.

— டாக்டர் சொன்ன தேதி அடுத்த வாரம்தானே?

— அடுத்த வாரத்துக்குள்ள உன் புயல் சாகுமா? முதல்ல அதைச் சொல்லு.

— பயணிகளை ஏத்திட்டியா?

— அவங்களை ஏத்துவேனா? நான் மட்டும் காலிப் படகை எடுத்துட்டு வரப் போறேன். இன்ஜின் ஓடிட்டிருக்கு.

— டேய், நிறுத்து அதை.

— ம்ஹூம்.

— சரி, நிறுத்த வேணாம். கயிறை மட்டும் அவுக்காத. நான் பேசி முடிக்கிற வரைக்கும். அக்காவுக்காக.

— சட்டுபுட்டுன்னு பேசு.

— கேளு. போன வாரம் நடுக்கடல்ல கொஞ்சம் மேகம் கூடுச்சு. கூடும், கலைஞ்சிடும். வேலை இல்லாதவங்க டீக்கடையில கூடுற மாதிரி. ஒரு நாள் கலையவே இல்ல. அடியில காத்து மெல்லச் சுத்த ஆரம்பிச்சுது. தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சா, குடிச்சுக் குடிச்சு வளந்துடுச்சு.

— காத்தழுத்தத் தாழ்வு. ரேடியோவுல நாள் பூரா அதானே ஓடுச்சு.

— அப்புறம் மண்டலம் ஆச்சு. அந்தப் பக்கமாப் போன கப்பல்காரன் ஒருத்தன் காத்து வேகத்தைச் சொன்னான், நான் புயல்னு எழுதினேன். பட்டியல்ல ஏதோ பெரிய பேரு. ஆனா ஆபீஸ்ல நாங்க கூப்பிடுறது நோஞ்சான்னுதான்.

— நோஞ்சானுக்குப் பயந்துதானா இத்தனை ஆர்ப்பாட்டம்?

— நோஞ்சான் அடிச்சாலும் வலிக்கும். உன் படகு என்ன, கப்பலா? அதுவும் இவன் நல்லா வளர்றதுக்குள்ள உசரத்துல காத்து பலமா வீசி, மேகத்தை எல்லாம் ஒரு பக்கமாத் தள்ளிட்டுப் போயிடுச்சு. தலைப்பாகை ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம்.

— கதை முடிஞ்சுதா?

— பொறு பொறு. அங்கதான்டா நான் ஏமாந்தேன். ராத்திரி எடுக்கிற சாட்டிலைட் படத்துல மேகம்தான் தெரியும், அடியில இருக்கிற சுழி தெரியாது. மேகம் எங்க கெட்டியா இருந்துச்சோ அங்கதான் புயலோட நடுவுன்னு புள்ளி வச்சேன். உன் வழியை விட்டு ரொம்பத் தள்ளி, கிழக்க. விடிஞ்சு வெளிச்சத்துல படம் வருது, பார்த்தா மேகத்துக்கு அடியில ஒண்ணுமே இல்ல. சுழி மட்டும் மொட்டையா, நம்ம ரெண்டு கரைக்கும் நடுவுல சுத்திட்டிருக்கு.

— என் வழியிலயா?

— உன் வழியிலயேதான். என் புள்ளியை நம்பி நேத்து ராத்திரி நீ கிளம்பியிருந்தா...

— கிளம்பத்தான் இருந்தேன்.

— தெரியும். நானே உன்னைக் கொன்னிருப்பேன்டா.

— அட போக்கா, அழாத. யானைக்கும் அடி சறுக்கும். இந்தா, இன்ஜினை நிறுத்திட்டேன். போதுமா?

— நிஜமாவா? என் ராசா.

— அது என்ன சத்தம், சக்கரம் உருள்ற மாதிரி?

— டீ வண்டி.

— உக்காந்த இடத்துக்கே டீயா! குடுத்து வச்ச உத்தியோகம். சரி, இப்ப நோஞ்சான் என்ன பண்றான்?

— மேகம் போனதும் தெம்பும் போயிடுச்சு. ஈரக்காத்துதான் அவனுக்குச் சாப்பாடு. இப்ப காஞ்ச காத்து உள்ள புகுந்துடுச்சு. சுத்து தளர்ந்து தளர்ந்து வடக்க நகர்ந்துட்டான். மத்தியானம் அந்தப் பக்கம் போன கப்பல்ல, சும்மா காத்துதான் அடிக்குதுன்னு சொன்னாங்களாம். இன்னும் கொஞ்ச நேரத்துல கடலோட கடலாப் போயிடுவான்.

— பாவம். கரையைக்கூடப் பார்க்காமப் போறான்.

— இப்பதான் திட்டின, அதுக்குள்ள பாவமா? ஒரு கூரையைப் பிரிக்கல, ஒரு மரத்தைச் சாய்க்கல. எனக்கு அவனைப் பிடிச்சுப் போச்சுடா.

— அப்ப நாலு மணி அறிக்கையில கூண்டை இறக்கச் சொல்லி எழுதுவியா?

— எழுதறவங்க கடலைப் பார்த்து எழுதணும். தம்பியைப் பார்த்து இல்ல.

— ஆரம்பிச்சுட்டியா! அவ வேற போனை எடுக்கவே மாட்டேங்குறா.

— தூங்குவா. விடு.

— நேத்து நல்லா சாப்பிட்டாளா?

— என் பங்கையும் சேர்த்து.

— அக்கா! இரு இரு. கொடிமரத்துக்கிட்ட ஆளு போறாரு. இறக்குறாங்க! கூண்டை இறக்குறாங்கக்கா! சனமெல்லாம் மூட்டையைத் தூக்கிட்டு என் படகுக்கு ஓடி வருது. பேசிக்கிட்டே எழுதிட்டியா நீ? தம்பிக்காகத்தானே?

— எழுதினது நான் இல்லடா. காலையிலயே நாற்காலியை அடுத்தவர்கிட்ட குடுத்துட்டு எழுந்துட்டேன். நம்ம வீட்டு அவசரம்னு வந்தப்புறம் நான் அதுல கை வைக்கக் கூடாது.

— என்ன அவசரம்?

— சொல்லியிருந்தா நீ கயிறை அவுத்திருப்ப.

— அக்கா, நீ எங்க இருக்க?

— போனை வைங்கம்மா. குழந்தையோட அத்தை நீங்கதானே? பொண்ணு பிறந்திருக்கா, அம்மாவும் நல்லா இருக்காங்க. கையை நீட்டுங்க. தலையைத் தாங்கிப் பிடிங்க.